முகமாலை மண்ணும் வெடி அகற்றுவோரும்

நிலத்தை நம்பி வாழும் மக்களிடையே தொழில்கள் பல உண்டு. ஏர் பிடிப்பவர் உழுகிறார். மண்வெட்டி பிடிப்பவர் வரப்புக் கட்டுகிறார். களைக்கொட்டு ஏந்திய பெண்கள் களை எடுக்கிறார்கள். இவை நம் முன்னோர் அறிந்த தொழில்கள். இவற்றோடு இருபதாம் நூற்றாண்டு மற்றொரு தொழிலையும் சேர்த்துவிட்டது. அதைச் செய்வோரும் விடியற்காலையிலேயே வயலில் இறங்குகிறார்கள், மண்டியிட்டு அமர்கிறார்கள், செடி வெட்டும் கத்தரிக்கோலும், சிறு கரண்டியும், முள்வாரியும் கொண்டு மண்ணை விரற்கடை விரற்கடையாகத் துருவுகிறார்கள். ஆனால் அவர்கள் எதையும் விதைப்பதில்லை. போர்க்காலத்தில் பிறர் புதைத்து வைத்துச் சென்ற வெடிகளை எடுக்கிறார்கள். அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நிலத்தில் புதைத்த வெடியை நாம் கண்ணிவெடி என்கிறோம். இலங்கையின் வடபகுதித் தமிழர் மனிதர் காலடி பட்டு வெடிப்பதை ‘மிதிவெடி’ என்று தனியே பிரித்துச் சொல்வர். வேடன் விரித்த கண்ணி, இரை சிக்கியதும் பயன் முடிந்துவிடும். சிக்காவிட்டால் வேடனே அதைச் சுருட்டி எடுத்துச் செல்வான். மண்ணுக்குள் இருக்கும் மிதிவெடியோ, புதைத்தவன் இறந்த பின்பும், போர் ஓய்ந்த பின்பும், உடன்படிக்கையில் கையொப்பம் இட்ட மை உலர்ந்த பின்பும் அங்கேயே கிடக்கும். வந்த கால் போர்வீரனுடையதா, பள்ளிப் பிள்ளையுடையதா, பசுவினுடையதா என்று அது பார்ப்பதில்லை.

வரலாற்று நோக்கில் இதைப் பற்றி எழும் முதல் கேள்வி, யார் புதைத்தார் என்பதன்று. அதை யார் எடுத்தார் என்பதே. ஏனெனில், புதைப்பது ஒரு நிமிட வேலை. எடுப்பது ஒரு தலைமுறை வேலை. ஒரு வெடியின் விலை 3 முதல் 30 டாலர் வரை என்றும், அதை அகற்றும் செலவு 300 முதல் 1,000 டாலர் வரை என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பு முன்பு கணக்கிட்டுச் சொன்னது. இந்தக் கணக்கில் எடுப்பவர் உயிருக்கு விலை போடவில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 மே மாதம், வர்ஜீனியாவின் யார்க்டவுன் நகரை விட்டுப் பின்வாங்கிய தென்னகப் படையினர், கேப்ரியல் ரெயின்ஸ் என்னும் தளபதியின் திட்டப்படி வழியெங்கும் வெடிகுண்டுகளைப் புதைத்துச் சென்றனர். பின்னால் வந்த வடபடையினர் அவற்றில் சிக்கி மாண்டனர். வடபடைத் தலைவர் மெக்கிளெல்லன் என்ன செய்தார்? தம்மிடம் சிறைப்பட்டிருந்த தென்னக வீரர்களையே அழைத்து, ‘நீங்கள் புதைத்ததை நீங்களே எடுங்கள்’ என்று பணித்தார். ஆகவே இத்தொழிலின் தொடக்கத்தில் நிற்பவர்கள் கைதிகள். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்திலும் இது திரும்ப வரக் காண்போம்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது வெடிகளின் எண்ணிக்கை ஆயிரங்களைத் தாண்டி இலட்சங்களாகப் பெருகியது. 1942-இல் எகிப்தின் எல் அலமைன் பாலைநிலத்தில் ஜெர்மானியத் தளபதி ரோம்மெலின் படையினர் இலட்சக்கணக்கில் வெடிகளைப் பரப்பினர். அவ்விடத்துக்கு ‘சாத்தானின் தோட்டம்’ என்றே பெயர் வழங்கிற்று. போலந்து நாட்டுப் பொறியாளர் யோசெப் கொசாக்கி வடிவமைத்த உலோகம் காட்டும் கருவி அப்போர்க்களத்தில்தான் பெயர் பெற்றது. நீண்ட கோலின் முனையில் தட்டையான வளையமும், காதில் ஒலிக்கருவியுமாக ஒருவர் மண்ணைத் தடவிக்கொண்டே போகும் காட்சி அன்று தொடங்கியது. இன்றும் அக்கருவியின் அடிப்படை அதுவே.

இந்த வரலாற்றில் நம்மவர் பங்கும் உண்டு. பெங்களூரில் வாழும் தமிழ் நேயர்கள் அல்சூர் ஏரிக்கரையை அடுத்துள்ள சென்னைப் பொறியாளர் படையின் இருப்பிடத்தைக் கண்டிருப்பர். அப்படையைச் சேர்ந்த மெக்கிளின்டாக் என்னும் ஆங்கில அதிகாரி 1912-இல் அங்கு உருவாக்கியதே ‘பெங்களூர் டார்பிடோ’ என்னும் கருவி. வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து முன்னே தள்ளி, முள்வேலியைத் தகர்த்து வழி உண்டாக்குவது அது. பின்னாளில் வெடிநிலங்களில் வழி திறக்கவும் பயன்பட்டது. இரண்டு உலகப் போர்களிலும் பெங்களூரின் பெயரை அக்கருவி தாங்கிச் சென்றது.

அதே படையில் பணிபுரிந்தவர் சுபேதார் சுப்பிரமணியம். 1944 பிப்ரவரி 24-ஆம் நாள் இத்தாலியில் மின்யானோ என்னும் ஊருக்கு அருகில், வெடிநிலத்தில் காயமுற்றுக் கிடந்தவர்களை மீட்க அவரும் தோழர்களும் மண்ணைத் துருவி வழி செய்துகொண்டு சென்றனர். தோழர் ஒருவரின் காலடியில் வெடி ஒன்று விசை பெற்றது. சில நொடிகளில் அது வெடித்துவிடும் என்பதை அறிந்த சுப்பிரமணியம், அதன்மேல் தம் உடலையே போட்டு மூடினார். அவர் மாண்டார், அருகிலிருந்தோர் பிழைத்தனர். அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருது இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது. வெடி அகற்றுவோர் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அவர் பெயரை விட்டுவிட இயலாது.

ஆனால் போர்க்காலத்தில் படை செய்யும் வேலைக்கும், போருக்குப் பின் ஊரார்க்காகச் செய்யும் வேலைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. படைக்கு வேண்டியது வழி மட்டுமே. எட்டடி அகலத்துக்கு வெடி நீங்கினால் வண்டிகள் கடந்துவிடும். வலத்திலும் இடத்திலும் ஆயிரம் வெடிகள் கிடந்தாலும் படைக்குக் கவலை இல்லை. குடியானவனுக்கோ வயல் முழுவதும் வேண்டும். வரப்பும் வேண்டும், கிணற்றடியும் வேண்டும், மாடு மேயும் புறம்போக்கும் வேண்டும். நூற்றில் தொண்ணூற்றொன்பது வெடிகளை எடுத்துவிட்டோம் என்பது படைக்கு வெற்றி. எஞ்சிய ஒன்று எங்கே என்று தெரியாத வரையில், குடியானவனுக்கு நூறும் அங்கேயே இருப்பதாகத்தான் பொருள்.

போர் முடிந்ததும் பிரான்சு இந்தச் சிக்கலை எதிர்கொண்டது. அந்நாட்டுக் கடற்கரைகளிலும் வயல்களிலும் 1 கோடியே 30 இலட்சம் அளவில் வெடிகள் கிடந்ததாக மதிப்பிட்டனர். விடுதலைப் போராட்ட வீரராக விளங்கிய ரேமோன் ஒப்ராக் அப்பணிக்குப் பொறுப்பேற்றார். கூலிக்கு வந்த பிரெஞ்சுக்காரர்களோடு ஜெர்மானியப் போர்க்கைதிகளும் இதில் ஈடுபடுத்தப்பட்டனர். ஏறத்தாழ 500 பிரெஞ்சுக்காரரும் 1,800 ஜெர்மானியரும் இப்பணியில் உயிரிழந்தனர். டென்மார்க்கின் மேற்குக் கரையிலும் 1945-இல் ஜெர்மானிய வீரர்களே, அவர்களுள் பலர் மீசை அரும்பாத இளைஞர்கள், மணலில் தவழ்ந்து வெடி எடுத்தனர். யார்க்டவுனில் கண்டதே மீண்டும் நிகழ்ந்தது. தோற்றவன் எடுக்கட்டும் என்பது அன்றைய நீதி.

உள்நாட்டுப் போர்களின் காலம் வந்தபோது அந்த நீதியும் செல்லாமற் போயிற்று. வெடியைப் புதைத்தவன் அயல்நாட்டானாக இல்லை. புதைத்த இடத்தைக் குறித்து வைத்தவனும் இல்லை. 1989-இல் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானத்தை விட்டு வெளியேறிய காலத்தில், வெடி அகற்றுதல் படைத்தொழிலிலிருந்து பிரிந்து ஓர் அறப்பணியாக உருக்கொண்டது. 1988-இல் தோன்றிய பிரிட்டனின் ஹலோ டிரஸ்ட் அங்கே பணியைத் தொடங்கிற்று. அதன்பின் கம்போடியா, மொசாம்பிக், அங்கோலா என்று இப்பணி பரவியது. இவ்விடங்களிலெல்லாம் மண்ணில் மண்டியிட்டவர்கள் அந்தந்த ஊர்க் குடியானவர்களே. மொசாம்பிக்கில் 1993-இல் தொடங்கிய வேலை 2015-இல் முடிந்தது. அந்நாடு வெடியற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின என்றாலும், முடியாத வேலை அன்று இது என்பதற்கு அதுவே சான்று.

1997 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில், மனிதரைக் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் உடன்படிக்கையில் 122 நாடுகள் கையொப்பம் இட்டன. அதற்காக உழைத்த இயக்கத்துக்கும் அதன் அமைப்பாளர் ஜோடி வில்லியம்சுக்கும் அவ்வாண்டின் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. உடன்படிக்கை 1999 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

இனி, நம் மொழி பேசும் மண்ணுக்கு வருவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தரைவழியே செல்வோர் ஆனையிறவு என்னும் குறுகிய நிலத்தைக் கடந்து, பளையைத் தாண்டி, முகமாலை என்னும் ஊரை அடைவர். கிளிநொச்சி மாவட்டத்தின் வட எல்லையில், கண்டி வீதியின் இருமருங்கிலும் தென்னந்தோப்பும் பனங்கூடலுமாக இருந்த ஊர் அது. மேற்கே கிளாலிக் கடல்நீரேரி, கிழக்கே நாகர்கோவில். நம் குமரி மாவட்டத்து நாகர்கோவில் அன்று. அதே பெயருடைய யாழ்ப்பாணத்துக் கீழ்க்கரை ஊர். இலங்கையில் 1983-இல் மூண்ட உள்நாட்டுப் போரில், 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகள் கைக்கு மாறியது. அதன்பின் கிளாலி முதல் முகமாலை வழியாக நாகர்கோவில் வரை இரு தரப்பின் முன்னணிக் காவல் அரண்களும் எதிரெதிரே அமைந்தன.

2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. கண்டி வீதி திறந்தது. முகமாலை சோதனைச் சாவடியாயிற்று. வீதியில் பேருந்துகள் ஓடின. வீதியின் ஓரத்துக்கு அப்பால் ஒருவரும் கால் வைக்கவில்லை. 2006 ஆகஸ்டில் மீண்டும் போர் மூண்டு வீதி மூடப்பட்டது. 2009 தொடக்கத்தில் அரசப் படைகள் ஆனையிறவு வரை முன்னேறின. அவ்வாண்டு மே மாதத்தில் போர் முடிந்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இரு படைகளும் அவ்வொரு வரிசையை நகர்த்தாமல் காத்து நின்றதால், ஆண்டுக்கு ஆண்டு புதுப்புது வெடிகள் பழைய வெடிகளின் மேல் புதைக்கப்பட்டன. உலகிலேயே செறிந்த வெடிநிலங்களுள் ஒன்றாக முகமாலை ஆனது இவ்வாறே.

இரு தரப்பும் வெடி புதைத்தன. அரசப் படையினர் பெரும்பாலும் வரிசை வரிசையாகப் புதைத்தனர். பாகிஸ்தான், சீனம், இத்தாலி ஆகிய நாடுகளில் செய்த சிறு பிளாஸ்டிக் வெடிகள் அவை. புலிகள் அவற்றைப் போன்றே தாமும் செய்துகொண்டனர். மரப்பெட்டியில் அடைத்த வெடிகளையும் செய்தனர். அவை வரிசை இன்றியும், வரைபடம் இன்றியும் பலவிடங்களில் புதைந்து கிடந்தன. இவற்றுள் பல உள்ளங்கையில் அடங்கக் கூடியவை. உள்ளே 30 முதல் 50 கிராம் அளவுக்கே வெடிமருந்து. கொல்வதைவிட, பாதத்தைச் சிதைப்பதே அவற்றின் நோக்கம். காயமுற்ற ஒரு வீரனைத் தூக்கிச் செல்ல இருவர் வேண்டும். ஆகவே ஒரு வெடியால் மூவர் களத்தை விட்டு நீங்குவர். இது போர்க்கலை வகுத்த கணக்கு. விறகுக்குப் போன பெண் ஒருத்தி காலிழந்தால் எத்தனை பேர் துன்புறுவர் என்ற கணக்கு அதில் இல்லை.

போர் முடிந்தபோது மூன்று இலட்சத்தை நெருங்கிய வன்னி மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தனர். ஊர் திரும்ப வேண்டுமானால் முதலில் ஊர் தூய்மையாக வேண்டும். வீடு கட்டுவதற்கும், கிணறு இறைப்பதற்கும், பள்ளி திறப்பதற்கும் முந்திய வேலை அது. இலங்கைப் படையினரோடு ஹலோ டிரஸ்ட், மாக் முதலிய பன்னாட்டு நிறுவனங்களும், பின்னர் டாஷ், ஷார்ப் என்னும் இலங்கை நிறுவனங்களும் இதில் ஈடுபட்டன. இந்திய அரசு தன் செலவில் ஏழு குழுக்களை அனுப்பியது. சர்வத்ரா, ஹொரைசன் என்னும் நிறுவனங்களின் சார்பில் சென்ற இவர்களுள், இந்தியப் படையின் பொறியாளர் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றோர் பலர். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையினர் பலரைப் புதைவெடிகளால் பறிகொடுத்த நாடு நம் நாடு. அதே மண்ணில் வெடி எடுக்கவும் நம்மவர் சென்றனர்.

இவ்வேலைக்கு ஆள் சேர்த்தபோது முன்வந்தவர்களுள் பெண்கள் மிகுதி. கணவனை இழந்தவர், கணவன் காணாமற் போனவர், பிள்ளைகளோடும் முதிய பெற்றோரோடும் தனித்து நின்றவர். முன்பின் ஆயுதம் தொட்டறியாதவர் பலர். போரில் பங்கு கொண்டு பின்னர் விடுபட்டோரும் உண்டு. மீன்பிடியும் வேளாண்மையும் தொடங்க முதல் இல்லாத அவ்விடத்தில், மாதந்தோறும் தவறாமல் கிடைக்கும் ஊதியம் இதுவாகத்தான் இருந்தது. சில வாரங்கள் பயிற்சி தந்து, தேர்வு வைத்து, தேறியவரையே களத்துக்கு அனுப்பினர்.

அவர்களது ஒரு நாளைக் காண்போம். பொழுது புலருமுன் வீட்டில் சோறு ஆக்கி, பிள்ளைகளைப் பாட்டியிடம் ஒப்படைத்து, வண்டியேறி முகமாலை வருகிறார்கள். மருத்துவ உதவியாளரும் ஆம்புலன்சு வண்டியும் இடத்தில் இருந்தாலன்றி வேலை தொடங்குவதில்லை. மார்பையும் வயிற்றையும் மறைக்கும் கனத்த கவசம் ஒன்று. முகம் முழுவதையும் மூடும் தடித்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மறைப்பு ஒன்று. வன்னி வெயிலில் இவற்றை அணிந்து மண்டியிடுவதே ஒரு தவம். ஒவ்வொருவருக்கும் ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை ஒதுக்கப்படுகிறது. ஒருவருக்கு நேர்ந்தது மற்றவரைத் தாக்காதபடி இடைவெளி விட்டே அமர்த்துகிறார்கள். பேச்சுத் துணை இல்லை. மேற்பார்வையாளரின் ஊதல் ஒலி ஒன்றே துணை. குறித்த நேரத்துக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு உண்டு. களைத்த கண்ணும் களைத்த கையும் இங்கே ஆகா.

முதலில் கண்ணுக்குத் தெரியாத இழுகம்பி ஏதும் உளதா எனப் பார்ப்பர். பின்னர் புல்லையும் புதரையும் சிறிது சிறிதாக வெட்டி அப்புறப்படுத்துவர். அதன் பின்னரே மண். பிற நாடுகளில் உலோகம் காட்டும் கருவி பெருந்துணை. முகமாலையிலோ அக்கருவிக்கு ஓயாத ஒலி. பீரங்கிக் குண்டுகளின் சிதறல்களும், தோட்டாக்களும், அரணுக்கு அடித்த ஆணிகளும் மண்ணெல்லாம் விரவிக் கிடக்கின்றன; வெடியிலோ உலோகம் ஒரு ஊசியளவே உண்டு. ஆகவே வடஇலங்கையில் முள்வாரியால் மண்ணை வாரும் முறை பெரிதும் கையாளப்பட்டது. நம் தோட்டங்களில் சருகு வாரும் கருவியை ஒத்தது அது. கைப்பிடி மட்டும் நீண்டது. மண்ணின் முகத்தை மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டில் மெல்ல மெல்லச் சரித்து வாருவர். மிதிவெடியின் விசை மேற்புறத்தில் உள்ளது. பக்கத்திலிருந்து வந்த கைக்கு அது எளிதில் இரங்கும். மணல் கலந்த அந்நிலத்துக்கு இம்முறை பொருந்திற்று.

பச்சையோ பழுப்போ ஆன ஒரு வட்ட விளிம்பு மண்ணில் தெரிந்ததும் கை நின்றுவிடும். அவர் எழுந்து மேற்பார்வையாளருக்கு அறிவிப்பார். அதற்குரிய தேர்ச்சி பெற்றவர் வந்து, விசையை நீக்குவதா, அங்கேயே வெடிக்கச் செய்வதா என முடிவு செய்வார். எடுத்த இடத்தில் ஒரு கழி நடப்படும். பதிவேட்டில் இடமும் ஆழமும் எழுதப்படும். இதன் பின்னர் அவர் மீண்டும் அதே பாதையில் மண்டியிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். மாலையில் அளந்து பார்த்தால் அன்று தூய்மையான நிலம் ஒரு சிறு அறையின் அளவுக்கே இருக்கும். சிவப்புக் கழிகளுக்குப் பின்னால் வெள்ளைக் கழிகள் சில அடி முன்னேறியிருக்கும்.

மண் அரண்களும் இடிந்த பதுங்குகுழிகளும் உள்ள இடங்களில் கைக்கருவிகள் போதா. அங்கே கவசமிட்ட மண்வாரி இயந்திரங்கள் மண்ணைக் கிளறிப் பரப்ப, அதை மனிதக் கண்கள் ஆராய்கின்றன. எல்லாம் முடிந்த பின்னும் வேறொரு குழு வந்து சோதிக்கும். அதன் பிறகே நிலம் சான்றிதழோடு உரியவரிடம் ஒப்படைக்கப்படும்.

இத்துணைக் காவல் இருந்தும் விபத்துகள் நேராமல் இல்லை. விரல் இழந்தவரும், பார்வை இழந்தவரும், உயிர் இழந்தவரும் இத்தொழிலில் உண்டு. ஆயினும் பெரும்பாலான விபத்துகள் வேலைக் களத்தில் நேர்ந்தவை அல்ல. பொறுமை இழந்து தம் காணிக்குள் முன்னதாகவே புகுந்தவர்களுக்கும், பழைய இரும்பு பொறுக்கி விற்கப் போனவர்களுக்கும், விளையாட்டுப் பொருள் என்று கையில் எடுத்த சிறுவர்களுக்கும் நேர்ந்தவை. அவர்களைக் குறை சொல்வது எளிது. அடுப்பில் உலை ஏற வழியில்லாதவன் கண்ணுக்கு, வேலிக்கு அப்பால் கிடக்கும் இரும்புத்துண்டு வெடியாகத் தோன்றுவதில்லை. ஒரு வேளைச் சோறாகத் தோன்றுகிறது. ஆகையால் பள்ளிகளிலும் கோயில் முற்றங்களிலும் நாடகம் நடித்தும் படம் காட்டியும் மக்களுக்கு அறிவூட்டும் பணியும் உடன் நடந்தது.

பலன் மெல்ல மெல்ல வந்தது. 1990-இல் நின்றுபோன யாழ்ப்பாண இரயில், நம் நாட்டு இர்கான் நிறுவனம் அமைத்த புதிய தண்டவாளத்தின் மேல் 2014 அக்டோபரில் மீண்டும் ஓடியது. ஆனையிறவையும் பளையையும் முகமாலையையும் கடந்தே அது செல்கிறது. வெடி நீங்காத நிலத்தில் ஒரு குறுக்குக்கட்டையும் வைத்திருக்க இயலாது. சன்னல் ஓரத்தில் அமர்ந்து செல்பவர் தலையற்ற பனைமரங்களைக் கண்டு வருந்துகிறார். அவர் அமர்ந்து செல்லும் அந்த வழியை முழங்காலிட்டுத் துருவியவர்களை எண்ணுவோர் சிலரே. 2017-இல் மட்டக்களப்பு மாவட்டம் வெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2021-இல் தன் இருப்பிலிருந்த வெடிகளை அழித்து முடித்தது. நாடு முழுவதும் தூய்மையாக 2028 ஜூன் முதல் நாள் கெடுவாக ஏற்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வெடி எல்லாம் நீங்கிவிட்டால் இத்தொழிலும் நீங்கிவிடும். நாளுக்கு நாள் தம் வேலையைத் தாமே குறைத்துக்கொள்ளும் தொழிலாளர் உலகில் வேறு யார்? ஆசிரியர் ஓய்வு பெற்றாலும் பள்ளி இருக்கும். நெசவாளர் கைத்தறியை மகனிடம் கொடுப்பார். வெடி அகற்றும் பெண் தன் மகளுக்கு இத்தொழிலை விட்டுச் செல்லக் கூடாது என்பதற்காகவே உழைக்கிறாள். பத்து ஆண்டு முழங்காலிட்டவளுக்கு அதன் பின் என்ன வாழ்வு? தையலும் கோழி வளர்ப்பும் சிறு கடையும் கற்பிக்கும் முயற்சிகள் நடந்தன. அவை போதுமா என்பதை ஊர் திரும்பியவர்களின் அடுப்புகள்தாம் சொல்ல வேண்டும். ஊதியம் முழுவதும் பிற நாடுகளின் உதவியால் வருவது மற்றொரு கவலை. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா அயல்நாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, பல நாடுகளில் வெடி அகற்றும் பணி தடைப்பட்டது. தொலைவில் ஒருவர் எழுதுகோலைக் கீழே வைத்ததால், இங்கே முள்வாரியையும் கீழே வைக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் சில, எல்லைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து விலக முடிவு செய்தன. புதைக்கும் கைகள் இன்னும் ஓயவில்லை.

நம் நாடும் அவ்வுடன்படிக்கையில் சேரவில்லை. 2001 டிசம்பர் முதல் 2002 வரை நீடித்த படைக்குவிப்பின்போது பஞ்சாப், இராசஸ்தான், சம்மு எல்லைகளில் விளைநிலங்களில் வெடிகள் புதைக்கப்பட்டன. பின்னர் நம் படைப் பொறியாளர்கள் அவற்றை எடுத்தனர். எடுக்கும்போது உயிரும் உறுப்பும் இழந்தனர். உழவர்கள் பருவங்களை இழந்தனர். அப்பகுதிகளில் வேலை பார்க்கும் தமிழ் நேயர்கள் அக்கதையை அவ்வூர்ப் பெரியவர்களிடம் இன்றும் கேட்டு அறியலாம். வெடி எல்லைக்கோடு அறியாது. அதைப் புதைத்தவன் நண்பனா பகைவனா என்பதும் அதற்குத் தெரியாது.

யார்க்டவுனில் கைதிகள் எடுத்தனர். பிரான்சிலும் டென்மார்க்கிலும் தோற்றவர் எடுத்தனர். முகமாலையில் எடுத்தவர்கள் குற்றவாளிகளும் அல்லர்; தோல்விக்குத் தண்டனை பெற்றவர்களும் அல்லர். அந்த நிலத்தில் புதைக்கப்பட்ட எதற்கும் பொறுப்பில்லாத, ஆனால் அந்த நிலத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத குடும்பத்தார். வறுமை அவர்களை அங்கே செலுத்தியது என்பது உண்மை. ஆயினும் கவசமும், பயிற்சியும், கூலியும், காப்பீடும் பெற்று, ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமையோடு அவர்கள் சென்றார்கள் என்பதும் உண்மை. துப்பாக்கி முனையில் மணலில் தவழ்ந்த 1945-ஆம் ஆண்டு இளைஞனுக்கு அவ்வுரிமை இல்லை. ஒரு தொழிலின் வரலாற்றில் இது சிறிய முன்னேற்றம் அன்று.

பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்த நமக்கு, திரும்பிப் போக ஓர் ஊர் இருப்பதன் அருமை தெரியும். விடுமுறைக்கு இரயிலேறிப் போய், பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, வரப்பின்மேல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வயலில் இறங்குகிறோம். கால் வைக்கும் முன் கீழே பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. அந்தக் கவலையற்ற ஒரு காலடியைத் தம் ஊராருக்குத் திரும்பப் பெற்றுத் தரவே முகமாலைப் பெண்கள் மண்ணை வாரினார்கள். அடுத்த முறை ஊருக்குப் போய் வயலில் கால் பதிக்கும்போது அவர்களை ஒரு கணம் எண்ணிக்கொள்வோமாக.